பதினெட்டாம் நூற்றாண்டின் ஆடையும் கரப்புடுப்பும்

கல்முனைக்கு மேற்கே கிட்டங்கித் துறையைக் கடந்து வயல்வழியே செல்வோர் சொறிக்கல்முனையை அடைவர். திருச்சிலுவைக் கோயிலாற் பெயர்பெற்ற சிற்றூர் அஃது. அங்கிருந்து மீண்டு கடலோரம் வந்தால், மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனையும் சாய்ந்தமருதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைக் காணலாம். மருதமுனை முஸ்லிம் மக்கள் வாழும் நெசவூர். அங்குள்ள கைத்தறிகளிற் பிறந்த சாரமும் சேலையும் இலங்கை முழுவதும் அறியப்பட்டவை. அதனை அடுத்துள்ள பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயில் உண்டு. அக்கோயிலின் பதினெட்டு நாள் விழாவிலே பாண்டவர் வனவாசஞ் செல்லும் காட்சி நடைபெறும். ஊரவரே பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலம் பூண்பர். ஓர் ஊர் துணி நெய்கின்றது. அதனை அடுத்த ஊர் பண்டைக் காலத்து மாந்தராக உடுத்து நிற்கின்றது. துணிக்கும் பழங்காலக் கோலத்துக்கும் உள்ள உறவை ஆராயப் புகுவார்க்கு இதனினும் தக்க இடம் எளிதிற் கிடையாது.

பழைய காலத்து ஆடையை மீண்டும் தைத்து அணிதல் மேலைநாடுகளிலே இப்போது பலருக்கும் உவப்பான ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் தையற்றொழிலாளர் அல்லர். வேறு தொழில் செய்து பிழைப்போர், ஓய்வுக் காலத்தில், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கவுனையோ அங்கியையோ தேர்ந்து, அக்காலத்துத் துணியை ஒத்த துணியைத் தேடி, அக்காலத்துத் தையல்முறையைக் கற்று, தையற்பொறியைத் தொடாமல் ஊசி கொண்டே மாதக்கணக்கில் தைப்பர். எல்லாக் காலங்களினும் பதினெட்டாம் நூற்றாண்டே இவர்களைப் பெரிதும் கவர்ந்துள்ளது. அதற்குக் காரணம் உண்டு. அந்நூற்றாண்டின் ஆடைகள் நூதனசாலைகளிலே போதிய அளவு எஞ்சியுள்ளன. அவை முற்றும் கையால் தைக்கப்பட்டவை. ஹோவ் என்பார் தையற்பொறிக்கு அமெரிக்காவிலே உரிமைப்பத்திரம் பெற்றது 1846ஆம் ஆண்டிலேதான். ஆகவே, ஒருவர் தம் இரு கைகளைக் கொண்டே அக்காலத்துத் தையற்காரியின் வேலையை முற்றாகச் செய்து பார்க்கலாம்.

இதனை வெறும் வேடிக்கையென்று தள்ளும் வரலாற்று மாணவரும் உளர். அவர் கருத்துப் பொருந்தாது. இப்பொழுதுபோக்கு, கூர்ந்த ஆராய்ச்சியொன்றின் அடியில் எழுந்தது. இங்கிலாந்திலே நோரா வா என்னும் அம்மையார் 1954இல் இடைக்கச்சுகளையும் வளையப் பாவாடைகளையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன்பின் 1964இல் ஆண்களின் ஆடை வெட்டுமுறையையும் 1968இல் பெண்களின் ஆடை வெட்டுமுறையையும் தனித்தனி நூல்களாக ஆக்கினார். அதே 1964ஆம் ஆண்டிலே ஜனெற் ஆர்னோல்டு என்பாரின் முதல் நூல் வெளிவந்தது. அவர் நூதனசாலைகளிலே கிடந்த பழைய ஆடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூட்டுவாய் மூட்டுவாயாக அளந்து, மடிப்பின் ஆழத்தையும் தையலின் போக்கையும் குறித்து, எட்டிலொரு பங்கு அளவிலே கட்டத்தாளில் வரைந்தார். ஓவியத்திலே கண்ட ஆடையைக் கண்மதிப்பால் தைத்து வந்த வழக்கம் இவற்றால் மெல்ல மெல்ல மாறியது. இங்கிலாந்திலே ஆடைவரலாற்றுச் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேதான். அமெரிக்காவிலே 1976ஆம் ஆண்டில் விடுதலையின் இருநூறாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டபோது, பழைய படைவீரராகவும் ஊரவராகவும் உடுத்து நின்றோர் தொகை பெருகியது. வர்ஜீனியா நாட்டு வில்லியம்ஸ்பேர்க் என்னும் பழம்பட்டினம் 1926 தொட்டு மீளக் கட்டப்பட்டு வந்தது. அங்கே தையற்கடையும் பெண்களுக்குரிய கவுன் தைக்கும் கடையும் அக்காலத்து முறைப்படியே நடத்தப்படுகின்றன.

ஊசி எதனைக் கற்பிக்கின்றது என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலே துணிக்கு விலை அதிகம். தையற்கூலியோ அதனோடு ஒப்பிட மிகச் சிறிது. இந்நாளில் நிலைமை தலைகீழாக உள்ளது. இந்த ஒரு வேறுபாட்டை உணராதவர்க்கு அக்காலத்துக் கவுன் விளங்காது. இலண்டனிலே ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்னும் பகுதியில் நெய்த பட்டு ஏறக்குறைய இருபது அங்குல அகலமே உடையது. அதனை வளைவாகவும் கோணலாகவும் வெட்டி எறிவதற்கு எவரும் துணியார். கவுன் தைப்பவள் துணியை உடுப்பவளின் உடலிலேயே போர்த்தி, மிகுந்ததை வெட்டாமல் மடித்து, மடிப்பை ஊசியாலே பதிப்பாள். பிரான்சியக் கவுனின் முதுகிலே தோளிலிருந்து நிலம்வரை விழும் பெருமடிப்பு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. பின்னொரு நாள் பிரித்து வேறொரு கவுனாகத் தைத்துக்கொள்ளத் துணியைச் சேமித்து வைத்த களஞ்சியமும் அதுவேயாகும். நூதனசாலைகளில் உள்ள கவுன்களிற் பல அவ்வாறு பிரித்து மாற்றப்பட்டவை. பழைய ஊசித்துளைகள் அதற்குச் சான்று.

சேலையையும் வேட்டியையும் வெட்டாமல் உடுக்கும் மக்களுக்கு இச்சிந்தை அயலானதன்று. தறியிலிருந்து முழுமையாக இறங்கிய துணியிலே கத்தரி வைப்பதற்கு மனம் ஒப்பாமை, இருவேறு கண்டங்களிலும் ஒரே காரணத்தாற் பிறந்தது. நெய்பவனின் உழைப்பு அருமையாக மதிக்கப்பட்ட காலம் அது என்று சொல்ல விரும்புவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். துணியின் விலை அதிகம் என்பதால் நெய்தவனுக்குக் கிடைத்த கூலியும் அதிகம் என்று ஆகிவிடாது.

கையால் தைத்துப் பார்த்தோர் கண்டவற்றுள் வேறு சிலவும் உள. கவுனின் முன்புறத்தைப் பொத்தான் இட்டுப் பூட்டும் வழக்கம் அக்காலத்துப் பெண்களிடத்தே குறைவு. நாள்தோறும் குண்டூசி குத்தியே உடுத்தினர். பை ஆடையோடு சேர்த்துத் தைக்கப்பட்டதன்று. இடையிலே நாடாவாற் கட்டிய தனிப் பொருளாகும். பாவாடையின் பக்கவாட்டிலே விட்ட திறப்பின் வழியே கையை நுழைத்து அதனை எடுப்பர். திமிங்கிலத்தின் வாய்த்தகட்டை வரிவரியாக வைத்துத் தைத்த இடைக்கச்சு பெண்டிரை மூச்சுவிடவொட்டாமற் செய்தது என்று பிற்காலத்தார் பலர் எழுதினர். அளவறிந்து தைத்து அணிந்தோரோ அதனோடு குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்துகாட்டினர். உழைக்கும் பெண்டிரும் அக்காலத்திலே அதனை அணிந்தே உழைத்தனர். பிரான்சிலே 1769இல் கார்சோல் என்பார் எழுதிய தையற்கலை நூல் வெட்டுமுறையைப் படத்தோடு விளக்குகின்றது. ஆயினும், நூல் சொல்லாது விட்ட இடத்தை விரலே சொல்லுகின்றது. சணல்நாரின் இனத்ததாகிய லினன் நூலைத் தேன்மெழுகிலே தேய்த்துக்கொண்டாலன்றி அது ஊசிமுனையிலே சிக்கி அறுந்துவிடும் என்பதை அறிய ஒரு பிற்பகல் போதும்.

இனி, துணிக்கு வருவோம். இப்பொழுதுபோக்கிலே ஈடுபட்டோர் பெரிதும் ஆசைப்படுவதும் எளிதிற் பெறமாட்டாததும் ஒரு துணி உண்டு. அது சோழமண்டலக் கரையிலே கையாற் சாயந் தீட்டிய பருத்தித் துணியாகும். தமிழ்நாட்டார் சீட்டி என்பர். ஈழத்தார் சீத்தை என்பர். ஆங்கிலேயர் சின்ற்ஸ் என்றும் ஒல்லாந்தர் சிட்ஸ் என்றும் வழங்கியது இதனையே. ஐரோப்பிய நூதனசாலைகளிலே இன்று காணப்படும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பருத்திக் கவுன்களுள் மிக அழகியவை சில, தையலால் ஐரோப்பியமாயினும் துணியாலும் நிறத்தாலும் தென்னாட்டினவாம். ஒல்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதியிலே ஹிண்டலோப்பன் என்னும் சிறு துறைமுகத்துப் பெண்டிர் சீத்தையால் நீண்ட மேலங்கி தைத்து அணிந்தனர். அது அவ்வூர்க்கே உரிய உடையாயிற்று. லீவார்டன் நகரத்துப் பிரீஸ் நூதனசாலை 2017இல் இத்துணிகளைக் காட்சிக்கு வைத்தபோது, கடலோர ஒல்லாந்தின் நாட்டுப்புற உடையென்று கருதப்பட்டவற்றின் வேர் எங்கே இருந்தது என்பது பலர்க்கும் புலனாயிற்று.

அத்துணிக்கு அஞ்சிச் சட்டம் இயற்றிய நாடுகளும் உண்டு. பிரான்சு 1686இல் அதனைத் தடை செய்து, 1759 வரை தடையை நீக்கவில்லை. இங்கிலாந்து இரு முறை தடுத்தது. முதற் சட்டம் 1700இலும், உடுப்பதையே குற்றமாக்கிய இரண்டாஞ் சட்டம் 1721இலும் நிறைவேறின. 1774இலேதான் அத்தடை தளர்ந்தது. 1719ஆம் ஆண்டிலே இலண்டன் வீதிகளிற் பட்டு நெசவாளர் திரண்டு, சீத்தைக் கவுன் அணிந்து சென்ற பெண்டிரின் உடையைக் கிழித்தனர். அவர்கள் பசித்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஒரு கரையிலே தீட்டிய துணி மறுகரையிலே தறியை நிறுத்தியது. நூறு ஆண்டுகளின் பின் ஆவியாலியங்கும் ஆலைத்துணி எதிர்த்திசையிலே வந்து சோழமண்டலத்துத் தறிகளை நிறுத்தியது.

அந்நிறம் உண்டான முறையைப் புதுச்சேரியிலிருந்த கேர்து என்னும் பிரான்சியப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதத்தில் விரிவாகத் தெரிவித்தார். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரிலே தோய்த்து உலர்த்துவர். துளையிட்ட தாளின் மேற் கரித்தூளைத் தட்டிக் கோலத்தைப் பதிப்பர். இரும்பு ஊறிய புளித்த நீரினாற் கருங்கோடும், சிவக்க வேண்டிய இடத்திலே படிகார நீரும் தீட்டுவர். அதன்பின் துணியைச் சாயவேரோடு காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பேறும். மற்றைய இடத்தில் ஏறிய மங்கல் நிறத்தைச் சாணநீரும் வெயிலும் போக்கும். நீலம் வேண்டிய இடத்தை விட்டு எஞ்சிய பரப்பையெல்லாம் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். மஞ்சளைக் கடைசியிலே தூரிகையாற் பூசுவர். நீலத்தின் மேல் அது விழுந்த இடம் பச்சையாகும். ஒரு துணி முடிவதற்குப் பல வாரங்கள் செல்லும். ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியது கோலத்தின் அழகு மட்டுமன்று; எத்தனை முறை தோய்த்தாலும் நிறம் போகாமையே அவர்களை வியப்பித்தது.

அச்சிவப்பின் உயிர் சாயவேர். இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர் அது. கரையோர மணலிலே வளர்வது. சோழமண்டலக் கரையில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தீவுப்பகுதிகளிலும் அவ்வேர் அகழப்பட்டது. யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தத் தளபதியாயிருந்த சுவார்டக்குரூன் 1697இல் தமக்குப் பின் வருவோர்க்கென எழுதிவைத்த நினைவேட்டிலே சாயவேரைப் பற்றித் தனியே கூறியுள்ளார். வேரகழ்தல் விரும்பினோர் செய்த தொழிலன்று. அதற்கெனக் கடமைப்பட்ட சாதியார் இருந்தனர். கும்பனி அவர்களிடமிருந்து வேரைப் பெற்றது. ஆம்ஸ்ரடாம் நகரத்துச் செல்வியொருத்தி தன் சீத்தைக் கவுனின் செம்மலரைத் தடவிப் பார்த்தபோது, அச்செம்மையை மணலிலே தோண்டி எடுத்தவனை அறிந்திருக்க மாட்டாள். அவன் இடையிலே இருந்த துணி எவ்வளவினது என்பதை எந்த நூதனசாலையும் காட்டவில்லை. பழைய ஆடையைத் தைத்து மகிழ்வோரின் கலை ஒரு குறையுடையது என்றால், அக்குறை இதுவே. உடுத்தவளின் உருவத்தை அது மீட்கின்றது. தீட்டியவனும் வேரகழ்ந்தவனும் அவ்வுருவத்தினுள் மறைந்துவிடுகின்றனர். அதே சோழமண்டலக் கரையிலே நீலந் தோய்த்த முரட்டுத் துணிகள் கினித்துணி என்ற பெயருடன் மேற்கு ஆபிரிக்காவுக்கு ஏற்றப்பட்டு, மனிதரை விலைகொடுத்து வாங்குவதற்குப் பயன்பட்டன என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் தகும். அத்துணியிற் கவுன் தைப்போர் எவருமிலர்.

சீத்தையாலே ஆண்மக்களும் வீட்டில் அணியும் தளர்ந்த அங்கி தைப்பித்துக்கொண்டனர். அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் பனியன் என்பது. குசராத்து வணிகரைக் குறித்த சொல், அவ்வணிகர் நாட்டு உடையென்று எண்ணி இவ்வங்கிக்கு வழங்கலாயிற்று. தமிழர் இன்று சட்டைக்குள் அணியும் பனியனுக்கும் அதே பெயர். முழங்காலுக்குக் கீழே தொங்கிய செல்வரின் அங்கி எங்கே, உழைப்பாளி வெயிலிலே அணியும் கையற்ற உள்ளாடை எங்கே! சொற்கள் இவ்வாறு அலைந்து திரிவதைக் கிழக்கிலங்கைத் தமிழிலும் காணலாம். பொத்தான், சப்பாத்து, களிசான், லேஞ்சி, துவாய், ரேந்தை ஆகிய யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. மக்கள் ஒருபுறம் வெட்டாத துணியையே உடுத்திருக்க, வெட்டித் தைத்த உடைக்குரிய சொற்கள் மறுபுறம் வந்து குடியேறின. எழுத்தாவணம் இல்லாத இடத்தே இச்சொற்களே ஆவணமாகின்றன.

மட்டக்களப்புக் கரை உலக வாணிகத்திற்கு ஒதுங்கிக் கிடந்த மூலையன்று. 1602ஆம் ஆண்டிலே ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் வந்திறங்கியது இங்கேதான். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கண்டியரசனோடு 1766இல் செய்த உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தக் கும்பனியின் வசமாயிற்று. அதன்பின் கண்டிக்குப் போகும் துணியும் உப்பும் அவர்கள் காவலைக் கடந்தே செல்லல் வேண்டும். எதிர்க்கரையில் நாகபட்டினம் 1690 தொட்டு அக்கும்பனியின் சோழமண்டலத் தலைமையிடமாயிருந்து, 1781இல் ஆங்கிலேயர் கைப்பட்டது. மட்டக்களப்புக் கோட்டை 1795இல் அவர்கள் கைக்கு மாறியது. துணி வாணிகத்தைத் தன் பிடிக்குள் வைத்திருக்கக் கும்பனி பலகாலும் முயன்றதாயினும், சிறு தோணிகளில் வந்த தமிழ், முஸ்லிம் வணிகரை அதனால் முற்றாக ஒழிக்க முடியவில்லை.

உடை என்பது அதிகாரத்தின் மொழியாகவும் இருந்தது. ஒல்லாந்தக் கும்பனியின் பத்தாவி நகரத்திலே 1754இல் ஆளுநர் நாயகம் மோசல் என்பார் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை விதித்தார். யார் எவ்வகை உடையும் அணியும் கொள்ளலாம் என்பது பதவிவாரியாக வகுக்கப்பட்டது. இலங்கையிலே முதலிமாரின் பொற்பின்னல் வைத்த நீண்ட மேலங்கி, ஒல்லாந்தர் காலத்துக் கோலத்தைப் பின்னும் நெடுங்காலம் தாங்கி நின்றது. கண்டியிலோ நிலைமை வேறு. 1739 தொட்டு அங்கே அரியணை ஏறியோர் தென்னாட்டு நாயக்கர் வழியினர். கீர்த்தி சிறி இராசசிங்கன் (1747–1782) காலத்து விகாரைச் சுவரோவியங்களிலும் தம்புள்ளைக் குகையிலுள்ள அவ்வரசனின் உருவத்திலும் அரசவுடையைக் காணலாம். கண்டிப் பிரதானிகள் இடையைச் சுற்றிப் பல முழத் துணியைப் பருமனாகச் சுற்றி, தோளிலே உப்பிய கையுடைய சட்டையும் மூலைகள் எழுந்த தொப்பியும் அணிந்தனர். இவ்வுடை நூதனசாலைக்குப் போய் உறங்கவில்லை. ஆண்டுதோறும் நடைபெறும் கண்டிப் பெரகராவிலே தியவதன நிலமே அதனை அணிந்தே வருகிறார். சிங்கள மணமக்களுட் பலர் மணவறையிலும் அதனை அணிகின்றனர். ஆகவே, பதினெட்டாம் நூற்றாண்டின் உடையைத் தைத்தல் ஐரோப்பாவிலே பொழுதுபோக்காயிருக்க, இலங்கையின் மலைநாட்டிலே நாள்தோறும் நடைபெறும் தொழிலாயிருக்கின்றது. எவரும் அதனை ஆராய்ச்சியென்று கருதுவதில்லை. கடையிலே அளவு கொடுத்துவிட்டுப் போகின்றனர்.

கீழ்க்கரைத் தமிழருக்கு இத்தகைய அரசவை இருந்ததில்லை. அரசனின் உடையை அவர்கள் கண்டது கூத்துக் களரியிலேதான். மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். அண்ணாவியார் சட்டங்கொடுத்துப் பழக்கி, சதங்கை அணியும் நாளும் கடந்து, அரங்கேற்ற இரவிலே அரசன் களரிக்கு வரும்போது அவன் பூண்டு நிற்பவற்றுள் கரப்புடுப்பும் வில்லுடுப்பும் குறிக்கத்தக்கன. கரப்பு என்பது ஆழமில்லாத நீரிலே மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை; கோழியை மூடிவைக்கும் கூடைக்கும் அப்பெயர் உண்டு. இடையிலே வளையச் சட்டங்கட்டி, அதன்மேல் துணியை விரித்து, கூடையைக் கவிழ்த்தாற்போல உடுப்பதனால் அது கரப்புடுப்பாயிற்று.

இவ்விடத்திலே ஓர் ஒற்றுமையைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சியச் சீமாட்டியர் பாவாடையின் கீழ் அணிந்த வளையச் சட்டத்திற்குப் பானியே என்று பெயர். அச்சொல்லின் பொருளும் கூடை என்பதேயாம். 1740ஆம் ஆண்டளவிலே அது மிகவும் அகன்று, அரசவைக்குச் செல்வோர் கதவத்தினூடே பக்கவாட்டாக நடந்து புகும் அளவுக்கு வளர்ந்தது. இங்கிலாந்து அரசவையிலே 1820 வரை அது கட்டாய உடையாக நீடித்தது. நான்காம் ஜோர்ச் மன்னனே அதனை ஒழித்தான். அச்சட்டத்தைத் திமிங்கிலத் தகட்டாற் செய்ததோடு பிரம்பாலும் செய்தனர். அப்பிரம்பு கீழைநாட்டுக் காடுகளிலிருந்து கும்பனிக் கப்பல்களிலே சென்றது. கிழக்கிலங்கையின் வயற்புறத்து அண்ணாவியாரும் பாரிசு நகரத்துத் தையற்காரியும் ஒருவரையொருவர் அறியார். ஒருவரிடமிருந்து மற்றவர் கொண்டார் என்று கொள்வதற்கு எவ்வித ஆதாரமுமில்லை; அவ்வாறு எழுதுவோர் கற்பனையை வரலாறாக்குவோராவர். தெருக்கூத்திலும் கதகளியிலும் இடையை அகலப்படுத்தும் உடை உண்டு என்பதை நோக்கினால், கரப்புடுப்பின் உறவினர் தென்னாட்டிலேயே உளர் என்பது பெறப்படும். ஆயினும், மனிதவுடலின் இயல்பான அளவை மீறிப் பருத்து நிற்பதே அரசத்தன்மை என்று இரு மக்கட்கூட்டத்தாரும் எண்ணி, இருவரும் தத்தம் வீட்டுக் கூடையை நினைத்துப் பெயரிட்டமை உற்று நோக்கத்தக்கது.

இங்கே பானியேயின் நற்பேறும் கரப்புடுப்பின் அவப்பேறும் வெளிப்படுகின்றன. பானியேயை நோரா வா அளந்தார். அவர் நூலைப் பார்த்து உலகின் எம்மூலையிலிருப்பவரும் அதனைத் தைக்கலாம். கரப்புடுப்பின் அளவு அண்ணாவியாரின் கையிலும் அதனைக் கட்டுவோரின் கண்ணிலுமே இருந்துவந்தது. வெப்பமும் ஈரமும் கறையானும் துணியை விட்டுவைக்கும் இயல்பினவல்ல. 1978 நவம்பரிலே சூறாவளி மட்டக்களப்புப் பகுதியைச் சிதைத்தது. பின்வந்த போர்க்காலத்திலே ஊர்கள் பெயர்ந்தன. 2004 திசம்பர் 26இலே கடல் எழுந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக் கரையோரத்து வீடுகளை அள்ளிச்சென்றது. வீட்டோடு பெட்டிகளும், பெட்டிகளோடு துணிகளும் போயின. மருதமுனைத் தறிகளுக்கு அதற்கு முன்பே மற்றுமோர் அலை வந்திருந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்திலே இறக்குமதித் துணி மலிந்தபோது இலங்கைக் கைத்தறி எங்கும் தளர்ந்தது. அத்தளர்ச்சியையும் கடந்து அவ்வூரிலே இன்றும் தறியொலி கேட்கின்றது.

கூத்தை மீட்கும் முயற்சி நடைபெறாமலில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போரையும் 1963இல் நொண்டி நாடகத்தையும் மேடையேற்றினார். இராவணேசனும் வாலிவதையும் பின்னர் வந்தன. இரவு முழுவதும் நடந்த கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடக்கப்பட்டது. சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். பாட்டும் தாளக்கட்டும் ஆட்டக்கோலமும் ஏட்டிலே பதிந்தன. உடையைப் பொறுத்தவரை பெயரும் வருணனையும் பதிந்த அளவுக்கு அளவும் வெட்டும் பதியவில்லை. பாடலைப் பதித்துவைத்தால் பாடலாம். உடையைச் சொல்லால் வருணித்துவைத்தால் தைக்க முடியாது.

ஆர்னோல்டின் வழியே கரப்புடுப்பொன்றை அளக்கப் புகுவோர் எவ்வெவற்றைக் குறித்தல் வேண்டும்? இடைவளையத்தின் சுற்றளவும் கீழ்வளையத்தின் சுற்றளவும். அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உயரம். வளையங்களை இணைக்கும் கம்புகளின் தொகை. கட்டிய கயிற்றின் வகையும் முடிச்சின் வகையும். மேலே விரித்த துணி எத்தனை பாகமாகச் சேர்க்கப்பட்டது என்பது. ஓரத்திலே தைத்த சரிகையின் அகலம். உடுப்பின் முழு நிறை. நிறையை விடுதல் கூடாது. பானியே அணிந்த சீமாட்டி அரசவையிலே பெரும்பாலும் நின்றுகொண்டேயிருந்தாள். அவளுடைய சட்டம் இருபுறமும் மட்டுமே அகன்று, முன்னும் பின்னும் தட்டையாயிருந்தது. நேரே நின்று பார்ப்போர் கண்ணுக்கே அது அமைந்தது. களரியிலோ கூத்தைக் காண்போர் நாற்புறமும் சுற்றியிருப்பர். அரசனாக வருபவன் மத்தளத்தின் அடிக்குத் தக்கவாறு வட்டமாக ஆடிச் சுழன்று வருவான். ஆகவே அவனுடைய கரப்பு நாற்புறமும் ஒரே அளவாக வட்டமாயிருத்தல் வேண்டும். அவன் சுழலும்போது அது காலைத் தட்டாமல் மேலெழவும், நிற்கும்போது சதங்கை தெரிய இறங்கவும் வேண்டும். அதற்கேற்ற உயரம் காலின் எந்த இடத்தில் நிற்கும் என்பதை உடுத்து ஆடியவரே சொல்லல் கூடும்.